கருப்பட்டிக் காரும் இரண்டு வாளி மணலும்

போன மாதம் விருதுநகரில் நடந்த கல்யாணத்தில் நாம் எல்லோரும் கூடியிருந்தோம். பந்தி முடிந்து, பல் இருக்கிறவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டும் இல்லாதவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தபோது, உங்களில் யாரோ அந்தக் காலத்துக் கண்மாய் மோட்டார் பந்தயத்தைப் பற்றி எடுத்துவிட்டீர்கள். அவ்வளவுதான், மண்டபம் இரண்டுபட்டது. பத்து கார் ஓடியது என்றார் ஒருவர். கறுப்புக் கார்தான் ஜெயித்தது என்றார் இன்னொருவர். கவர்னர் வந்து கொடி அசைத்தார் என்று ஒரு பெரியவர் சத்தியமே செய்தார். கடைசியில் ஒரு அண்ணாச்சி, "அதெல்லாம் கெடக்கட்டும். ஒரு லூசுப் பொம்பள கார்ல மண்ணள்ளிக் கொட்டுனாளே, அதுல்ல பந்தயம்" என்று சொல்லிவிட்டு, சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஓடியது ஐந்து கார். ஜெயித்தது டாக்டரின் வெள்ளைக் கார். கொடி அசைத்தது கவர்னர் இல்லை, ரைஸ் மில்காரரின் மைத்துனர். மண்ணைக் கொட்டியது லூசுப் பெண் இல்லை, என் அத்தை, அப்பாவின் அக்காள். மண் விழுந்த காரை ஓட்டியவரின் மகள் நான். அதில் மண்ணைக் கொட்டியவளின் மருமகளும் நான்தான். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற பாத்தியதை உங்களில் வேறு யாருக்கும் கிடையாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

நயா பைசா வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. சாத்தூரில், வைப்பாற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு மிளகாய் வத்தல் மண்டி முதலாளியிடம் டிரைவராக இருந்தார். அந்தக் கார் யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியது. கம்பிச் சக்கரம், துணிக் கூரை, பக்கவாட்டில் ஏறி நிற்க நீளப் பலகை, ஓட்டுகிறவர் கைக்கு எட்டும்படி ரப்பர் பந்து வைத்த ஹாரன். நிறம் புதுக் கருப்பட்டி நிறம். அதனால் ஊரில் அதற்குக் கருப்பட்டி என்றே பெயர். உள்ளே ஏறினால் பெட்ரோல் வாசனையும் பழைய தோல் வாசனையும் வத்தல் நெடியும் சேர்ந்து வந்து, முதலில் இரண்டு தும்மல் போடாமல் யாரும் உட்கார்ந்ததில்லை.

காலையில் அதை ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அப்பா அதனிடம் பேசிக்கொண்டேதான் சுற்றுவார். கட்டின பெண்டாட்டியிடம் ஒருநாளும் இப்படித் தன்மையாகப் பேசியதில்லை என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். அது பொறாமை இல்லை. அம்மாவுக்கும் அந்தக் கார் மேல் கொள்ளைப் பிரியம்.

அந்த வருஷம் நம் பக்கத்து முதலாளிகள் சிலர் ஒரே சமயத்தில் புதுக் கார் வாங்கினார்கள். பழைய காரை என்ன செய்வது? கோடையில் வேலை மந்தம், கண்மாயும் வற்றிக் கிடக்கிறது, பழைய வண்டிகளை விட்டு ஒரு பந்தயம் நடத்தினால் என்ன என்று யாருக்கோ தோன்றிவிட்டது. சனிக்கிழமை வெள்ளோட்டம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சிவகாசியில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்கள். அச்சகத்தில் கார் படம் இல்லை போலிருக்கிறது. தீப்பெட்டி லேபிளுக்கு வைத்திருந்த குதிரைப் படத்தைப் போட்டு, கீழே ‘மாபெரும் மோட்டார் பந்தயம்’ என்று மூன்று கலரில் அடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுக் குதிரை எங்கே என்று கேட்டு வந்த ஜனம் ஏராளம்.

எங்கள் முதலாளியும் புதுக் காருக்குச் சொல்லிவைத்திருந்தார். அதை ஓட்ட அவருடைய அக்காள் மகன் மதராஸில் பழகிவிட்டு வந்திருந்தான். அப்படியானால் அப்பாவுக்கு? ஒருநாள் மண்டி வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு முதலாளி சொன்னார்: "பந்தயத்துல கருப்பட்டி ஜெயிச்சா ஒனக்கே குடுத்துறேன். வாடகைக்கு ஓட்டிப் பொளச்சுக்கோ. தோத்துச்சுன்னா பழைய இரும்புக்குத்தான் போகும்."

அப்பா அன்று வீட்டுக்கு வந்த நடையே வேறாக இருந்தது. சொந்தக் கார் என்பது எங்கள் தெருவில் யாரும் கனவில்கூட வாங்கிப் பார்க்காத பொருள். தோற்றால் கார் போகும். கோயம்புத்தூர் போய் லாரி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அம்மா உடனே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கார் நமக்கு வந்தால் முதல் சவாரி உன் வாசலுக்குத்தான், குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் வருவோம் என்று வேண்டுதல். அந்த ‘ஒருத்தர் விடாமல்’ என்பதில்தான் சிக்கல் இருந்தது. ஏனென்றால் அத்தை காரில் ஏற மாட்டாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாலியறுத்துத் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து குடியிருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செய்யும் பிரிவில் சேர்ந்து, அப்போது கண்காணியாக இருந்தாள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் பாடம் எடுப்பாள். கம்பெனிப் பழக்கம் அவளுக்கு வீட்டிலும் உண்டு. கொண்டை ஊசி வைக்க மாட்டாள், உரசினால் தீப்பொறி வரும் என்று உலோகத்தில் எதுவும் போட மாட்டாள், நூல் சேலைதான் கட்டுவாள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். சினிமாக் கொட்டகையிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். தீபாவளியன்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்பிவிட்டு இப்படி நடுங்குகிறாயே என்று எல்லோரும் கேலி செய்வார்கள். பயந்தாங்கொள்ளி என்று நானே சொல்லியிருக்கிறேன்.

கருப்பட்டியில் ஏறு என்று அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். "முன்னால தீ, பின்னால பெட்ரோலு, நடுவுல நாமளா? வேற சோலியப் பாருலே" என்று சொல்லிவிட்டு, சாத்தூர் பஜாருக்கு நடந்தே போவாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கண்மாய்க்கு வண்டி கட்டிக்கொண்டு ஜனம் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். கரை முழுக்கத் தலைகள். கருவேல மரத்து நிழலில் வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, ஓலைப் பட்டையில் பதநீர். எங்கள் ஊர் சேவுக்காரர் எண்ணெய்ச் சட்டியையே கொண்டுவந்து கண்மாய்க்குள் இறக்கிவிட்டார். தரையெல்லாம் காய்ந்த கரிசல். வெடிப்புகளில் மண்ணைப் போட்டு நிரவி, மடையிலிருந்து எதிர்க்கோடியில் நட்ட கொடிவரை பாதை போட்டிருந்தார்கள். கொடியைச் சுற்றித் திரும்ப மடைக்கு வந்தால் ஒரு சுற்று. மொத்தம் மூன்று சுற்று. ரேக்ளா நடத்திப் பழகிய கைகள் அல்லவா, அதே சட்டதிட்டம்தான். மாட்டுக்குப் போடுகிற மாதிரி காருக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் இறக்கினார்கள்.

வெள்ளோட்டத்தை ஆரம்பிக்க ஒரு வெடி போட்டார்கள். அங்கேதான் வேடிக்கை. கரையில் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்து, கையில் இருந்த நுங்கைப் போட்டுவிட்டு, கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். வெடிச் சத்தம் கேட்டால் வெளியே ஓடு என்று கால்களுக்குப் பழகியிருந்தது. வாசலே இல்லாத கண்மாயில் எந்த வெளியே? பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். கார்கள் அதற்குள் கொடியைத் தொட்டுவிட்டன.

அன்று கருப்பட்டி அருமையாக ஓடியது. டாக்டரின் காருக்கு ஒரு மாட்டு வண்டி நீளம் முந்தி வந்தது. தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்ட ஒரு மதுரைக்காரர் எங்கள் முதலாளியோடு வந்து, கருப்பட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். என் கையில் ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தார். பந்தயத்துக்கு நடுவராக வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, அவரிடம் நமக்கு நல்ல பெயர் வரட்டும் என்று வணக்கமெல்லாம் வைத்தேன்.

அத்தை மட்டும் காரைப் பார்க்கவில்லை. பீடி குடிக்கிறவர்களையும் சேவுக்காரரின் அடுப்பையும் பெட்ரோல் டின்களையும்தான் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் பந்தயக்காரர்களிடம் போய், இம்புட்டு பெட்ரோலை வைத்துக்கொண்டு ஒரு வாளி மணல்கூட இல்லாமல் என்ன பந்தயம் நடத்துகிறீர்கள் என்று சண்டை பிடித்தாள். கம்பெனியிலிருந்து நாலு சிவப்பு வாளிகளைக் கேட்டு வாங்கி, வைப்பாற்று மணலைச் சலித்து நிரப்பி, மாட்டு வண்டியில் ஏற்றிவந்து கரையோரம் இரண்டிரண்டாக இரண்டு இடத்தில் வைத்தாள். அப்பாவுக்கு மானம் போயிற்று. முதலாளிகள் கூடியிருக்கிற இடத்தில் அக்காள் வாளி தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பார்த்தேன். முழுசாகப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம். கம்பெனிப் பெண்களோடு கரைமேல் நின்றிருந்தேன். முதல் சுற்றில் கருப்பட்டி மூன்றாவதாக வந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு காருக்கு டயர் வெடித்து (பெண்கள் இன்னொரு தடவை கரையிறங்கி ஏறினார்கள்), இன்னொரு கார் வெடிப்பில் சக்கரம் மாட்டி நின்றுவிட்டது. மூன்றாவது சுற்றில் கொடியைத் திரும்பும்போது கருப்பட்டிதான் முதலில். எனக்கு மூடியிருந்த கண்ணும் திறந்துகொண்டது.

மடைக்கு முன்னால் கடைசி வளைவில், கருப்பட்டிக்கு எப்போதும் வேலை பார்க்கிற எங்கள் மெக்கானிக் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். பழைய கார் அல்லவா, எல்லாக் காருக்குமே சுற்றுக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அப்பா வந்து நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது, அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. பின்னால் டாக்டரின் கார் இன்னும் பாதிக் கண்மாய் தூரத்தில் இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு மெல்ல உருட்டிக்கொண்டு போயிருந்தால்கூட ஜெயம்தான். மெக்கானிக் மூடியைத் தூக்கி, துணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றும் வாயின் திருகைத் திறந்தார்.

வெள்ளையாக ஒரு பனைமர உயரத்துக்கு எழும்பியது பாருங்கள். காரே தெரியவில்லை, அப்பாவும் தெரியவில்லை. "புகை" என்று யாரோ கத்தினார்கள். கரையில் இருந்த பெண்கள் மூன்றாவது தடவையாக அந்தப் பக்கம் இறங்கி ஓடினார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்ததை மெக்கானிக் சொல்லித்தான் கேட்டேன். அத்தை இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு கரையிலிருந்து கண்மாய்க்குள் குதித்து வந்தாளாம். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் முதல் வாளி இன்ஜினுக்குள் போய்விட்டது. இரண்டாவது வாளியில் பாதி தண்ணீர் ஊற்றும் வாய்க்குள், மீதி மெக்கானிக்கின் தலையில். இன்ஜின் கர்கர் என்று மணலை அரைத்து, ஒரு தடவை செருமிவிட்டு நின்றது. அதோடு விட்டாளா? கதவைத் திறந்து, மீசை வைத்த என் அப்பாவைச் சட்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்து, பத்தடி தூரம் தரதரவென்று கொண்டுபோய்க் குப்புறப் படுக்க வைத்து, அவர் முதுகுமேல் தானும் விழுந்து மூடிக்கொண்டாள். டாக்டரின் கார் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் மடையைத் தொட்டது.

வெள்ளை கலைந்ததும் பார்த்தால் தீயும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் ஆவி. கண்மாயே சிரித்தது. வைப்பாறு கொள்ளுமா அந்தச் சிரிப்பை. சட்டை கிழிந்து, மூஞ்சியெல்லாம் கரிசலாக அப்பா எழுந்து நின்றதும், மணல் மூடிய தலையோடு மெக்கானிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இப்போது நினைத்தாலும் எனக்கே அடக்க முடியவில்லை. அன்று சிரிக்காதவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

அப்பா அத்தையிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எம் பொளப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா." அத்தை வாளிகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலாளியின் கோபத்தைச் சொல்லி முடியாது. மதுரைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு தடவை இன்ஜினுக்குள் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் ரயிலடிக்குப் போய்விட்டார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்ற முதலாளி, அப்பா பக்கம் திரும்பி, "இந்தக் குப்பையை எங்கண்ணுல காட்டாத. நீயே கொண்டு போய்த் தொலை" என்றார். அப்பா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மண்டி எழுத்தரை வைத்து அதையே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னது அம்மாதான். கோபம் ஆறுவதற்குள் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தோற்ற கார் ஜெயித்த கார் மாதிரி வீட்டுக்கு வந்தது. இரண்டு காளைகளைப் பூட்டி இழுத்தார்கள். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். தெருவுக்குத் தெரு அந்த ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் காளைகள் மிரண்டு நாலு எட்டு வேகமாக வைக்கும். பின்னால் பிள்ளைகள் ஊர்வலம். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய சவாரி எதுவும் போனதில்லை. அந்த ஹாரன் பின்னால் எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை. இன்றைக்கும் பழைய சாமான் கடையைக் கடக்கும்போது என் கண் அதைத் தேடும்.

இரண்டு மாதம் எங்கள் வாசல் ஒர்க்‌ஷாப்பாக இருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, சாக்கில் பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவுவார். கழுவின மண்ணெண்ணெயை வடிகட்டினால் அடியில் வைப்பாறு நிற்கும். "இந்தப் பொம்பள கொட்டுனது ரெண்டு வாளியா, இருபது வாளியா?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தைக்குக் கேட்க வேண்டும் என்றே கேட்பார்.

அப்பா அத்தையிடம் பேசவேயில்லை. ஆனால் பேச வேண்டியது இருந்துகொண்டே இருந்தது. நடுவில் நான்தான் தபால். ரேஷன் சீனி வந்திருக்கிறது என்று ஒங்க அத்தைகிட்டச் சொல்லு என்பார் அப்பா. கேட்டாச்சுன்னு ஒங்கய்யாகிட்டச் சொல்லு என்பாள் அத்தை. இரண்டு பேரும் ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டுதான் இதைச் சொல்வார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்வேன். அம்மா மட்டும் அவ்வப்போது வேண்டுதலை ஞாபகப்படுத்துவாள்: ஒருத்தர் விடாமல் என்று நேர்ந்திருக்கிறேன், உங்க அக்கா இல்லாமல் கார் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் கருப்பட்டி உயிர் பிடித்தது. சோதனை ஓட்டத்துக்கு அப்பா, மெக்கானிக், நான் மூவரும் கிளம்பினோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கம்பெனி விடுகிற நேரம், அத்தை நனைந்துகொண்டு வருவாள், கூட்டி வாருங்கள் என்று அம்மா சொன்னாள். கூப்பிடுவது யார்? நீ போய்க் கூப்பிடு என்று அப்பா என்னிடம் சொன்னார். கம்பெனிக்குள் மோட்டார் வண்டி போகக் கூடாது. தூரத்திலேயே நிறுத்திவிட்டு மூன்று பேரும் கேட்வரை நடந்தோம்.

தீபாவளி சீசனுக்குப் புதிதாக எடுத்த பெண்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். "பொகை தெரிஞ்சா கையில இருக்கிறதைப் போட்டுட்டு வெளிய ஓடிறணும். தூக்குச்சட்டிய எடுக்கப்படாது. யாரையும் தேடப்படாது. கூடப் பொறந்தவளே உள்ள இருந்தாலும் திரும்பப்படாது. நீ திரும்புனா ரெண்டு பேராப் போயிரும்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், சின்ன வயசு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள், கண்மாயில் நீங்கள் மட்டும் உள்ளே ஓடினீர்களாமே, அது ஆவி என்று உங்களுக்குத் தெரியவில்லையா என்று. எல்லோரும் குனிந்துகொண்டார்கள். எந்தப் புகை எந்த வெடிமருந்தில் வருகிறது என்று மூக்கை வைத்தே சொல்கிற கண்காணி அல்லவா அத்தை. அவளிடம் கேட்கிற கேள்வியா இது?

அத்தைக்குக் கோபம் வரவில்லை. "பாக்கலத்தா" என்றாள். "கார்ல எந்தம்பி இருந்தான். ஆவியா பொகையான்னு நின்னு பாக்கத் தோணல." பிறகு, "நான் சொல்றதை மட்டும் கேளுங்க. நான் செஞ்சதைச் செய்யாதீக" என்று முடித்தாள்.

அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கை என் தோளில் இருந்தது. அதை எடுத்துவிட்டு முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். அத்தை திரும்பிப் பார்த்தாள். தபாலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. "மழை வருதுக்கா. வா, கார்ல போவோம்" என்றார் அப்பா.

அத்தை என்னைப் பார்த்தாள், தூரத்தில் நின்ற காரைப் பார்த்தாள். மணல் இருக்கிறதா என்று கேட்டாள். நீ கொட்டினதில் பாதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றார் மெக்கானிக். அது காணாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு சிவப்பு வாளி நிறைய மணல். அதை மடியில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் ஒடுங்கி, கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி கருப்பட்டியில் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு தும்மல் போட்டாள். வீட்டுக்கு வருகிறவரை அப்பாவும் அத்தையும் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனபோதும் அந்த வாளி வந்தது. அதற்குப் பிறகு அது காரிலேயே தங்கிவிட்டது. பதினொரு வருஷம் அப்பா அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். அந்த வாளியைப் பார்த்துவிட்டு ஏறின சனங்களில் பலர் கேலி செய்திருக்கிறார்கள், ஒருவர்கூட இறங்கிப் போனதில்லை.

இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒன்று, அப்பா காலமான பிறகு மெக்கானிக் சொன்னது. அந்த மதுரைக்காரர் நடுவர் இல்லை. கருப்பட்டியை வாங்க வந்தவர். பந்தயத்துக்கு முன்பே முதலாளி அவரிடம் பேசி முடித்திருந்தார். ஜெயித்திருந்தால் அன்று சாயங்காலமே கார் மதுரைக்குப் போயிருக்கும், அப்பா கோயம்புத்தூருக்குப் போயிருப்பார். முதலாளி மேல் அப்பாவுக்கு அவ்வளவு மரியாதை, அதை எதற்குக் கெடுக்க என்று மெக்கானிக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வாளி மணலால்தான் எங்களுக்குக் கார் கிடைத்தது. அது தெரியாமலேதான் அப்பா அக்காளை மன்னித்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று, மண்டபத்தில் நான் சொல்லாமல் விட்டது. அன்றைக்குப் ‘புகை’ என்று கத்தியபோது கரைக்கு அந்தப் பக்கம் இறங்கி ஓடியவர்களில் நானும் ஒருத்தி. அப்பா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தேதான் ஓடினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கரையேறிப் பார்த்துவிட்டு, கண்மாய்க்குள் இறங்கியபோது எதிரே காலி வாளிகளோடு அத்தை வந்துகொண்டிருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கையெல்லாம் மணலாக இருந்ததால் இன்னும் உறுத்தியது. "நீ செஞ்சதுதான் சரி தாயி, பொகையக் கண்டா ஓடத்தான் செய்யணும்" என்றாள்.

அடுத்த கல்யாணத்திலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிரிக்கத்தான் வேண்டும், நானும் சிரிப்பேன். ஆனால் சொல்கிறபோது, நாம் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம், அவள் ஒருத்தி இந்தப் பக்கம் ஓடினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.